இதுல நிலம் யாருது?
டச்சுச் செப்புத் தகட்டுப் படங்களில் உழவரும் கூலியும்



இந்த நினைவுச் சொற்பொழிவு யார் பெயரால் நடக்கிறதோ அந்தத் தோழரோடு பழகிய பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலண்டர் படமோ, சினிமா சுவரொட்டியோ, பாடநூலில் வரும் ஏர் உழும் படமோ, எதுவானாலும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல நிலம் யாருது?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். நாங்கள் பதில் சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கும் பழைய அச்சுப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நெதர்லாந்துப் பகுதியில் செப்புத் தகட்டிலிருந்து அச்சிடப்பட்டவை. கறவை, அறுவடை, திருவிழா, குடிசை, கால்நடை என்று கிராமமே நிறைந்திருக்கும் படங்கள். "நம்ம சேரியில வரைய ஆயிரம் இருக்க, வெள்ளைக்காரன் பசு மாட்டை ஏன் பாக்கணும்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நாங்கள் கண்ட பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம். நாங்கள் கலை விமர்சகர்கள் அல்ல. வயலில் நிற்பவரைப் படத்தில் பார்க்கும்போது என்னென்ன மறைகிறது என்பதே எங்கள் அக்கறை.

முதலில் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் மெருகேற்றிய செப்புத் தகட்டில் கூரான சிற்றுளியால் கோடு கோடாகச் செதுக்குவார்கள். இது பத்தர்களின் நகாசு வேலையிலிருந்து வளர்ந்தது. மற்றொன்றில் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரித்துக் குழியாக்கும். இது கவசங்களிலும் வாள்களிலும் பூவேலை செய்தவர்களிடமிருந்து வந்தது. இரண்டிலும் குழிகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளில் ஏறும். ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிகள் எடுக்கலாம். வயல் வேலை அதற்கு முன்பும் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் அது கோமகன்களின் ஜெபப் புத்தகங்களில் பொன்முலாமோடு பூட்டிக் கிடந்தது. செப்புத் தகடு வந்த பிறகு கூலிக்காரரின் குனிந்த முதுகு சந்தையில் விற்கும் சரக்காயிற்று. வாங்கியவர்கள் நகரத்தார். வரையப்பட்டவர்கள் வாங்கவில்லை. இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு படத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

1510இல் லெய்டன் நகரத்து லூகாஸ் ஒரு செதுக்குப் படம் செய்தார். 'பால்காரப் பெண்' என்று அழைக்கப்படுகிறது. உள்ளங்கையை விரித்தால் ஏறக்குறைய மறைந்துவிடும் அளவுதான். நடுவில் எலும்பும் தசையுமாக ஒரு பெரிய பசு. ஒரு பக்கம் வாளியுடன் பெண், மறுபக்கம் பண்ணையாள் போன்ற இளைஞன். புனிதர் இல்லை, வேதாகமக் கதை இல்லை. மாடும் வேலையாட்களுமே படத்துக்குப் போதும் என்று ஒருவர் துணிந்திருக்கிறார், அதுவும் மிக இளம் வயதில். எங்கள் வட்டத்தில் முதலில் எல்லோரும் அந்தப் பசுவைத்தான் புகழ்ந்தார்கள். மாடு வளர்த்தவர்கள் நிறைய பேர்.

ஆனால் அன்றைய டச்சுப் பேச்சில் 'பால் கறத்தல்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. பால்காரப் பெண் என்றால் எளிதில் மசிபவள், மயக்குபவள் என்ற ஏளனம் பாட்டிலும் பகடியிலும் ஓடிக்கொண்டிருந்தது. படத்தை வாங்கிய நகரத்து ஆண் அந்த இளைஞனின் பார்வையைக் கண்டு கண்ணடித்துச் சிரித்திருப்பான். விடிவதற்கு முன் எழுந்து கறக்கும் பெண்ணின் உழைப்பைத் துல்லியமாக வரைந்த அதே படம் அவள் உடலையும் பேச்சுக்கு விட்டுவிடுகிறது. களத்துக்கு வேலைக்குப் போகும் நம் பெண்களைப் பற்றி ஊர்த் தெருத் திண்ணைகளில் என்ன பேசப்படும் என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து பீட்டர் ப்ரூகல். இவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'விவசாயி ப்ரூகல்' என்றே பட்டப்பெயர். அவர் விவசாயி அல்ல. ஆண்ட்வெர்ப் நகரத்தில் ஹிரோனிமஸ் கோக் என்ற பதிப்பாளருக்காகப் படம் வரைந்து கொடுத்தவர். ஆண்ட்வெர்ப் இன்று பெல்ஜியத்தில் இருக்கிறது. அன்று வடக்கும் தெற்கும் ஒரே ஆட்சியின் கீழ். ப்ரூகல் தாளில் வரைவார், வேறு கைவினைஞர் அதைத் தகட்டில் செதுக்குவார், கோக் அச்சிட்டு விற்பார். கோக் இறந்த பிறகு அவர் மனைவி ஃபோல்க்ஸ்கன் டீரிக்ஸ் அந்தக் கடையை 30 ஆண்டுகள் நடத்தினார். கலை வரலாறு எழுதியவர்கள் அந்த அம்மாளுக்கு வெகு காலம் இரண்டு வரிக்கு மேல் ஒதுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

ப்ரூகல் பற்றி 1604இல் காரல் வான் மாண்டர் எழுதிய ஒரு கதை உண்டு. ப்ரூகலும் அவருடைய வணிக நண்பர் ஹான்ஸ் ஃபிராங்கர்ட்டும் குடியானவர் உடை அணிந்து கிராமத்துக் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் போவார்களாம். மாப்பிள்ளை வீட்டு உறவு அல்லது பெண் வீட்டு உறவு என்று சொல்லிக்கொண்டு மொய் வைத்துவிட்டு, அவர்கள் உண்பதையும் குடிப்பதையும் ஆடுவதையும் கவனித்து வருவார்களாம். வான் மாண்டர் இதைப் பாராட்டாகத்தான் எழுதுகிறார். சமூகவியல் படித்த எங்களுக்குக் கள ஆய்வு வகுப்பு நினைவுக்கு வந்தது. அந்த உடையை மாலையில் கழற்றிவிடலாம் என்பதுதான் விஷயம். உறவு என்று பொய் சொல்லிப் பந்தியில் உட்கார்ந்தவரை யாரும் எழுப்பிவிடவில்லை. ஏன் எழுப்பவில்லை என்றும் கேட்க வேண்டும். அங்கே தடுத்தது உடையும் பணமும்தான், பிறப்பு அல்ல. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் வருகிறோம்.

1559இல் வந்த 'ஹோபோக்கன் திருவிழா' ஆண்ட்வெர்ப் அருகிலுள்ள ஒரு கிராமத்தின் தேவாலயத் திருநாளைக் காட்டுகிறது. ஊர்வலம், வில்வித்தை, வட்ட ஆட்டம், மூலையில் ஒதுங்கும் ஒருவர், பன்றிகள், குழந்தைகள். அடியில் சில வரிகள் பொறித்திருக்கிறார்கள். குடியானவர் இத்தகைய நாளில் ஆடித் துள்ளி மிருகம்போலக் குடிப்பதில்தான் மகிழ்கிறார்கள் என்பது அவற்றின் சாரம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1531இலேயே ஊர்த் திருவிழா ஒரு நாளுக்கு மேல் நடக்கக்கூடாது என்று ஆணையிட்டிருந்தார். ஆக அந்த வரிகள் வெறும் கேலி இல்லை, அதிகாரத்தின் குரலும் அதில் இருக்கிறது. ஆனால் படத்தைத் தனியே பாருங்கள். ஆடுபவர்கள் கை கோத்து ஒழுங்காகத்தான் ஆடுகிறார்கள். குழந்தைகள் கோலி உருட்டுவதுபோல ஏதோ விளையாடுகிறார்கள். எழுத்து ஒன்று சொல்கிறது, கோடு வேறொன்று சொல்கிறது. எழுத்தை வேறு ஆள் எழுதியிருக்கலாம், விற்பனைக்காகச் சேர்த்திருக்கலாம். ஆவணக் காப்பகத்தில் நம் மக்களைப் பற்றிய போலீஸ் குறிப்புகளையும் மிஷனரிக் கடிதங்களையும் படிக்கும் மாணவர்கள் இதைப் பழக வேண்டும். குறிப்பு எழுதியவரின் தீர்ப்பையும், அவர் அறியாமலே பதிவு செய்துவிட்ட காட்சியையும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

டச்சு மொழியில் உழவரைக் குறிக்கும் சொல் 'பூர்'. அது ஆங்கிலத்துக்குப் போனபோது நாகரிகமற்றவன், முரடன் என்றாகிவிட்டது. நாம் 'பட்டிக்காட்டான்' என்று திட்டும் சொல்லின் கதைதான். (தென்னாப்பிரிக்காவில் பிறர் நிலத்தைப் பறித்து உட்கார்ந்தவர்கள் தங்களை அழைத்துக்கொண்டதும் இதே சொல்லால்தான். சொல் ஏழையாக இருக்கிறது என்பதற்காக அதைச் சொல்பவரும் ஏழை என்று நம்பிவிட முடியாது.)

அதைவிட முக்கியம், 'பூர்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்பது. சொந்த நிலம் உள்ளவர், குத்தகைக்காரர், வருடக் கூலிக்கு இருக்கும் பண்ணையாள், அறுவடைக்கு மட்டும் வரும் நாடோடிக் கூலி எல்லோரும் வாங்குபவரின் கண்ணுக்கு ஒரே 'பூர்'. இன்று தொலைக்காட்சியில் 'விவசாயி' என்று சொல்லும்போது 20 ஏக்கர் வைத்திருப்பவரும் அவர் வயலில் நாற்றுப் பிடுங்குபவரும் ஒன்றாகிவிடுகிறார்கள் அல்லவா? தோழரின் கேள்வி இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது.

ப்ரூகலின் 'வசந்தம்' படம் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் தருகிறது. 1565இல் வரைந்தது. 'கோடை' 1568இல் வரைந்தது. இரண்டும் அவர் இறந்த பிறகு, 1570இல் அச்சாக வெளிவந்தன. 'வசந்தம்' படத்தில் ஒரு சீமாட்டியின் தோட்டம். சதுரம் சதுரமாகப் பாத்திகள். ஆட்கள் வெட்டுகிறார்கள், குனிந்து நடுகிறார்கள். சீமாட்டி நின்று ஏவுகிறாள். வேலை செய்பவர்கள் முகம் பெரும்பாலும் தொப்பிக்கு அடியில். நிலம் யாருடையது என்று கேட்கத் தேவையில்லை, நிற்பவர் ஒருவர், குனிந்தவர் பலர்.

'கோடை' வேறு மாதிரி. கோதுமை அறுவடை. முன்னால் ஒருவர் பெரிய குடுவையை அண்ணாந்து குடிக்கிறார். அவர் காலும் அரிவாளும் படத்தின் கீழ்ச் சட்டத்தைத் தாண்டி வெளியே நீள்கின்றன. பக்கத்தில் காய்கறிக் கூடை சுமந்த ஒரு பெண். கூடை அவள் தலைமேல் இருக்கிறது என்று சொல்வதைவிட, அவள் தலை இருக்க வேண்டிய இடத்தில் கூடை இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். முகம் இல்லை. கலை வரலாற்றில் இதை வேடிக்கை என்றும், மனிதர் விளைச்சலாக மாறுவது என்றும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் இந்தப் படத்தைக் கைப்பேசியில் ஒரு தோழரின் அம்மாவிடம் காட்டினோம். ஐம்பது வருடம் நடவுக்கும் களைக்கும் போனவர். பார்த்துவிட்டு, "சும்மாடு இல்லாம எப்படிடி தூக்குறா? கழுத்து போயிருமே" என்றார். கூடைக்குக் கீழே ஒரு கழுத்து இருக்கிறது என்பதை எங்களில் எவரும் அதுவரை யோசிக்கவில்லை.

ப்ரூகலை முடிப்பதற்கு முன் 1563ஆம் ஆண்டு வந்த ஜோடிப் படங்கள். ஒன்று கொழுத்தவர்களின் அடுக்களை, மற்றது மெலிந்தவர்களின் அடுக்களை. மெலிந்தவர்கள் வீட்டில் ஒரு தட்டு சிப்பிக் கறிதான் இருக்கிறது. அங்கே எட்டிப்பார்த்த கொழுத்தவனை அவர்கள் உள்ளே வரச்சொல்லி இழுக்கிறார்கள், அவன் தப்பி ஓடுகிறான். கொழுத்தவர்கள் வீட்டில் தொத்திறைச்சி தொங்குகிறது. அங்கே வந்த மெலிந்த இசைக்காரனை உதைத்து விரட்டுகிறார்கள். இதற்கு விளக்கம் எழுதினால் படம் கெட்டுவிடும்.

இனி நிலத்துக்கே வருவோம். அதே கோக் 1559இலும் 1561இலும் சிறு நிலக்காட்சிகள் என்று அறியப்படும் 44 படங்களை வெளியிட்டார். ஆண்ட்வெர்ப்பைச் சுற்றியுள்ள கிராமங்கள்: ஓலைக் கூரை, வேலி, குட்டை, வண்டித் தடம், அங்கங்கே ஓரிருவர். பெரிய சம்பவம் எதுவும் இல்லை. ஒரு வீட்டை அது இருப்பதுபோலவே வரைந்தால் போதும் என்ற அடக்கம் இந்தப் படங்களில் இருக்கிறது. இந்த உரைக்காகப் பார்த்தவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தவை இவைதான். வரைந்தவர் பெயர் படத்தில் இல்லை. 1601இல் மறுபதிப்பு வந்தபோது கொர்னேலிஸ் கோர்ட் என்று ஒரு பெயர் போட்டார்கள். 1612இல் ஆம்ஸ்டர்டாமில் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் அவற்றைப் பார்த்துச் செய்து வெளியிட்டபோது ப்ரூகல் என்று போட்டார். பெயரற்றவர் வரைந்ததைப் பெயருள்ளவர் கணக்கில் எழுதினால்தான் விற்கும்.

படங்கள் முதலில் வந்த ஆண்டுகளில் ஆண்ட்வெர்ப் வணிகர்கள் அந்தக் கிராமங்களில் நிலம் வாங்கி, கோடைக்குத் தங்கும் மாளிகைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். குடிசைப் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டியவர் அந்தக் குடிசை நிற்கும் நிலத்தையும் வாங்கியவராக இருக்கலாம். பிறகு ஸ்பெயினுக்கு எதிரான போர் அந்தப் பகுதியைச் சூறையாடியது. 1585இல் ஆண்ட்வெர்ப் வீழ்ந்தது. சுற்றுக் கிராமங்கள் பாழாயின. ஆயிரக்கணக்கானோர் வடக்கே ஓடினார்கள். விஸ்ஸர் 1612இல் அதே குடிசைகளை மீண்டும் விற்றபோது, ஓடிவந்தவர்களுக்கு அது விட்டுவந்த ஊர், மற்றவர்களுக்கு இனிய நாட்டுப்புறம்.

போரில் கிராமத்துக்கு என்ன நடந்தது என்பதை ஒரு தொடர் நேராகக் காட்டுகிறது. மெக்கலன் நகரில் பிறந்து அகதிக் குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாம் வந்த டேவிட் விங்க்போன்ஸ் வரைந்து, போயட்டியஸ் போல்ஸ்வர்ட் 1610இல் செதுக்கிய நான்கு படங்கள். தலைப்பு 'உழவர் துயரம்'. படைவீரர்கள் ஒரு குடியானவர் வீட்டுக்குள் புகுகிறார்கள். பிறகு அங்கேயே தங்கித் தின்று தீர்க்கிறார்கள். மூன்றாவதில் குடியானவர்கள் கையில் கிடைத்த கருவிகளோடு திருப்பித் தாக்குகிறார்கள். நான்காவதில் இரு தரப்பும் சமாதானமாக உட்கார்ந்து குடிக்கிறார்கள். 1609இல் ஸ்பெயினோடு பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் வந்திருந்தது, அந்த நம்பிக்கைதான் நான்காவது படம். எங்கள் வட்டத்தில் கடும் வாக்குவாதம் நடந்தது மூன்றாவது படத்தில்தான். கூலிக்காரன் ஆயுதம் எடுப்பதை நகரத்தார் வாங்கும் படத்தில் காட்ட அனுமதித்தது எப்படி? எதிரி அன்னியப் படைவீரன் என்பதால்தான் என்பது எங்கள் முடிவு. அதே கருவி குத்தகை கேட்டு வந்த நிலக்காரர்மேல் உயர்ந்திருந்தால் அந்தத் தகடு செதுக்கப்பட்டிருக்காது. எங்கள் அமைதிக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்த அனுபவத்தில், நான்காவது படத்தை எங்களால் ரசிக்க முடியவில்லை. வீட்டை இழந்தவர் செலவில்தானே அந்த விருந்து?

17ஆம் நூற்றாண்டு வடக்கு நெதர்லாந்தின் படங்களில் கோதுமை குறைந்து பசு பெருகுகிறது. ரசனை மாறியது மட்டும் காரணமல்ல. ஹாலந்தின் கரிமண் நிலம் நீரை வடிக்க வடிக்கத் தாழ்ந்துகொண்டே போனது. தானியத்துக்கு ஈரம் அதிகம், புல்லுக்கு ஏற்றது. ஆகவே உழவர்கள் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் மாறினார்கள். ரொட்டிக்கான தானியம் பால்டிக் கடல் வழியாக, டான்சிக் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்தது. அதை விளைவித்தவர்கள் போலந்துப் பிரபுக்களின் பண்ணைகளில் கட்டாய உழைப்பு செய்த பண்ணையடிமைகள். டச்சுப் புல்வெளியில் படுத்து அசைபோடும் அந்த அமைதியான பசுவுக்குப் பின்னால் விஸ்துலா நதிக்கரையில் வாரத்தில் பல நாள் கூலியின்றி உழுதவர்கள் இருக்கிறார்கள். படச்சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

புல்வெளியும் இயற்கையாக வந்ததல்ல. 1612இல் பெய்ம்ஸ்டர் என்ற பெரிய ஏரியைக் காற்றாலைகளால் இறைத்து வற்றவைத்து நிலமாக்கினார்கள். பணம் போட்டவர்கள் பெரும்பாலும் நகரத்துச் செல்வர்கள். முதன்மையானவர்களில் ஒருவர் டர்க் வான் ஓஸ். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் இயக்குநர்களிலும் அவர் ஒருவர். நிலம் செல்வர் பெயரில், குத்தகை உழவர் பெயரில். கோடையில் புல்லறுக்க ஜெர்மானிய வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து கூலிகள் நடந்தே வருவார்கள், அறுப்பு முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். மேடை நாடகங்களில் அவர்கள் கோமாளிகள். படத்தில் அரிவாளோடு நிற்பவர் நிலத்துக்காரரா, குத்தகைக்காரரா, நடந்து வந்த கூலியா என்று தகடு சொல்லாது.

ரெம்பிராண்ட் 1651இல் செய்த ஒரு நிலக்காட்சிக்கு 'பொன் நிறுப்பவரின் வயல்' என்று பின்னால் வந்தவர்கள் தவறாகப் பெயர் வைத்துவிட்டார்கள். அது ஹார்லெம் அருகே சாக்சன்பர்க் என்ற பண்ணை. உரிமையாளர் கிறிஸ்டோஃபல் தைஸ், ரெம்பிராண்ட் வீடு வாங்கிய வகையில் அவருக்குக் கடன்பட்டிருந்தார். கடன்காரருடைய நிலத்தை வரைந்த படம் இது. இந்த ஒரு படத்திலாவது தோழரின் கேள்விக்குப் பெயரோடு பதில் கிடைக்கிறது. தொலைவில் ஹார்லெமின் பெரிய தேவாலயம், நடுவில் துணி வெளுக்கும் வெளிகள். அந்த ஊர் வெளுப்புக்குப் புகழ்பெற்றது, பால் பண்ணையில் மிஞ்சும் மோரில் லினனை ஊறவைத்து வெயிலில் விரிப்பார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். பரந்த வெளி முழுதும் தெரிகிறது, முகம் தெரியும்படி ஒருவர்கூட இல்லை.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளுப்பவர், அறுப்பவர், கறப்பவர் என்று கேட்டதும் நம் மனம் உடனே வண்ணார், பறையர், பள்ளர் என்று ஒப்பிட ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் வேண்டும். ஹாலந்தில் பண்ணையடிமை முறை வெகு முன்பே மறைந்திருந்தது, உழவர் பலருக்குச் சொந்த நிலம் இருந்தது. துணி வெளுத்ததால் ஒரு பெண்ணின் பேத்தியும் வெளுக்க வேண்டும் என்ற விதி இல்லை. கசாப்புத் தொழில் இழிவல்ல. ஆண்ட்வெர்ப்பில் கசாப்புக்காரர் சங்கத்தின் மாளிகை ஊரிலேயே உயரமான கட்டடங்களில் ஒன்று. ஹார்லெமில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய இறைச்சி மண்டபம் இன்றும் பெரிய தேவாலயத்துக்கு எதிரே நிற்கிறது. 1643இல் ரெம்பிராண்ட் கால் கட்டப்பட்ட ஒரு பன்றியை அருமையாக வரைந்திருக்கிறார். அறுப்பதற்கு முந்தைய நேரம், சுற்றிலும் வீட்டார். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. தின்பது குறித்த வெட்கம் அந்தத் தாளில் எங்குமில்லை. நம் இளைஞர்கள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்கள்.

ஆனால் செத்த விலங்கு என்றதும் அங்கேயும் நிறம் மாறுகிறது. பக்கத்து ஜெர்மானிய நாடுகளில் செத்த கால்நடையை அகற்றித் தோலுரிப்பவர், தூக்கிலிடுபவர் குடும்பத்தார் மானமற்றவர்களாக ஒதுக்கப்பட்டிருந்தனர். கைவினைச் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களைத் தொட்டாலே தன் மானம் போகும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். பவுலஸ் போட்டர் 1652இல் ஐந்து குதிரைப் படங்கள் செய்தார். முதலில் கொழுத்த ஃப்ரீஸிய ஜாதிக் குதிரை. பிறகு களைத்து நிற்கும் உழவுக் குதிரைகள். கடைசியில் எலும்பு தெரியும் கிழட்டுக் குதிரை ஒன்று நிற்க, இன்னொன்று செத்துக் கிடக்கிறது, நாய்கள் கடிக்கின்றன. உழைத்த உயிரின் முழு வாழ்வையும் ஐந்து தகட்டில் சொல்லிவிட்டார் என்று இதைப் புகழ்வார்கள். புகழத்தான் வேண்டும். அந்தப் பிணத்தை அப்புறப்படுத்தப் போகிறவருக்கு மட்டும் ஆறாவது தகடு இல்லை. பிறப்பு சார்ந்த தீண்டாமை அங்கில்லை என்பதும், செத்ததைத் தூக்குபவரைக் காணாமலிருக்கும் கண் அங்கும் உண்டு என்பதும் ஆக இரண்டுமே உண்மை.

கடைசியாக அட்ரியான் வான் ஒஸ்டாட. ஹார்லெம்காரர், ஒரு நெசவாளரின் மகன். ஏறத்தாழ 50 அமில அரிப்புப் படங்கள் செய்தார். இளமையில் அவர் வரைந்த குடியானவர்கள் சாராயக் கடையில் கத்தி உருவிச் சண்டையிடும் கோரமான பொம்மைகள். வயதாக ஆக அதே மனிதர்கள் நூற்கிறார்கள், குழந்தையைக் கொஞ்சுகிறார்கள், வாசலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 1653இல் செய்த படத்தில் ஒரு ஏழைக் குடும்பம் உண்பதற்கு முன் ஜெபிக்கிறது. தந்தை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து நிற்கிறார். குடியானவர் மாறவில்லை, வாங்குபவர்தான் மாறியிருந்தார். முன்பு சிரிப்பதற்கு ஆள் தேவைப்பட்டது, இப்போது அடக்கமான, பக்தியுள்ள ஏழை தேவைப்பட்டார். என்றாலும் அந்த வீட்டின் அரையிருட்டை, தொங்கும் கந்தலை, கிண்ணத்தை ஒஸ்டாட வரைந்த பொறுமையில் நாங்கள் குறை சொல்ல எதுவுமில்லை.

அந்த மாணவரின் கேள்விக்கு மீதிப் பதில் இங்கே இருக்கிறது. டர்க் வான் ஓஸின் கம்பெனி அதற்குள் நம் கரைக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை, பிறகு அங்கே கெல்ட்ரியா கோட்டை, 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினம். துணியோடு மனிதர்களையும் வாங்கினார்கள். 1659 முதல் 1661 வரை படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் தஞ்சைப் பகுதி நொறுங்கியபோது கம்பெனி ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி, பெரும்பகுதியை இலங்கைக்குக் கப்பலேற்றியது. அங்கே வயல் வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. பஞ்சத்தில் முதலில் விழுபவர் நிலமற்றவர்தான் என்பது நமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப் பால்டேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றிய நூலில் செப்புத் தகட்டுப் படங்கள் நிறைய உண்டு. கோட்டைகள், துறைமுகங்கள், தெய்வங்கள். ஹார்லெம் குடிசைக்குள் நுழைந்து கிண்ணத்தையும் கந்தலையும் வரைந்ததுபோன்ற ஒரு கை சேரிக்குள் வரவில்லை. 1707இல் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தேசவழமை என்று கம்பெனி எழுதி வாங்கியபோது கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் அடிமைகளாக ஏட்டில் ஏறினார்கள். தன் நாட்டில் பண்ணையடிமையை மறந்துவிட்ட ஒரு நாட்டின் கம்பெனி, இங்கே சாதி வழியான அடிமையைச் சட்டமாக எழுதிவைத்தது.

அதனால்தான் அந்தப் பசுவைப் பார்க்கிறோம்.

எங்கள் மன்றத்தில் இப்போது வரையவும் படம் எடுக்கவும் தெரிந்த இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் களத்திலும் எடுக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு படத்தோடும் அதில் இருப்பவர் பெயரையும், நிலம் யாருடையது என்பதையும், அன்றைய கூலியையும் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னால் போடாதீர்கள். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. தோழர் இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கிடைத்தது. சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள், யார் முகமும் தெரியவில்லை. பின்பக்கம் பென்சிலில் ஏழு பெயர்களை எழுதியிருந்தார். மூன்றாவது பெயர் அவருடைய அம்மாவுடையது. அதற்குக் கீழே, மிராசுதார் பெயர், ஆளுக்கு இரண்டு படி நெல் என்றிருந்தது.